ஓப்பெத் வாட்டர்ஷெட்டோடு முடிந்துவிட்டதா?

2024 நவம்பர் 23: வாசகர் கேள்வி

ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓப்பெத்தின் புது ஆல்பம் தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட் வந்திருக்கிறது, பாடகர் ஓக்கர்ஃபெல்ட் மறுபடியும் உறுமுகிறார் என்று ஊரே கொண்டாடுகிறது. என்னைக் கேட்டால் ஓப்பெத் 2008-இல் வாட்டர்ஷெட்டோடு முடிந்தது. நடுவில் வந்த நான்கு ஆல்பங்களும் எழுபதுகளின் ராக் பாட்டுகளுக்கு எடுத்த நகல். டெத் மெட்டல் (உறுமல் குரலும் கனத்த கிட்டாருமான இசை) கேட்டவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போன ஆள் பதினாறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் கைதட்ட வேண்டுமா? இந்த நான்கில் உருப்படியாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

நவம்பர் 23, இரவு: பதில்

கைதட்டுவதும் தட்டாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நகல் என்ற குற்றச்சாட்டை, ஆல்பத்தில் உறுமலை விட்ட 2011-க்கு அப்புறம் மட்டும் போடுவது ஓரவஞ்சனை. எழுபதுகளின் மேல் அந்த ஆளுக்கு இருந்த பைத்தியம் நடுவயதில் வந்தது இல்லை. பிளாக்வாட்டர் பார்க் என்ற ஓப்பெத் ஆல்பத்தின் பெயரே ஒரு பழைய ஜெர்மன் ராக் குழுவின் பெயர். மை ஆர்ம்ஸ் யுவர் ஹெர்ஸ் என்ற ஆல்பத் தலைப்பு, கோமஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் பாட்டு வரியிலிருந்து வந்தது. ஸ்டில் லைஃப் ஆல்பத்தில் வரும் 'பெனைட்டட்' பாட்டின் கிட்டாரையும் கேமல் குழுவின் 'நெவர் லெட் கோ'வையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், கடன் எங்கே வாங்கியது என்று தெரிந்துவிடும். அப்போதெல்லாம் கூடவே உறுமலும் இருந்ததால் யாரும் ரசீது கேட்கவில்லை.

உறுமல் ஓப்பெத்தின் உயிர் இல்லை. அது அவர்கள் கையிலிருந்த ஒரு கருவி. அவ்வளவுதான் என் கட்சி.

நவம்பர் 24

காலையில் படித்துப் பார்த்தேன். வக்கீல் வாதம் போலத்தான் இருக்கிறது. கருவி என்று சொன்னால், எதற்கான கருவி என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நவம்பர் 27

கீழே ஒருவர் "யாருங்க இவங்க, முதலில் இருந்து சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். நல்லது, முதலில் இருந்தே வருவோம்.

ஸ்டாக்ஹோம், 1990 வாக்கு. டேவிட் இஸ்பெர்க் என்ற பாடகர் ஓக்கர்ஃபெல்டை பேஸ் கிட்டார் வாசிக்க வரச் சொல்கிறார். இவர் ஒத்திகைக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு பேஸ்காரர் இருக்கிறார். புதிதாக ஓர் ஆள் வருவதை இஸ்பெர்க் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. சண்டை முற்றி மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிவிட, மிச்சம் இந்த இரண்டு பேர். 1992-இல் இஸ்பெர்க்கும் போய்விட்டார். "பழைய ஆட்கள் இருந்தால்தான் அது ஓப்பெத்" என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே குழுவைத் தொடங்கியவர் குழுவில் இல்லை.

பெயர், வில்பர் ஸ்மித் நாவல் ஒன்றில் வரும் நகரத்தின் பெயரிலிருந்து எடுத்தது.

அந்தச் சமயத்தில் ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல் என்றால் என்டூம்ப்ட், டிஸ்மெம்பர் என்ற குழுக்கள், சன்லைட் ஸ்டூடியோவில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க்கின் ஒலிப்பதிவு. பாஸ் எச்எம்-2 என்ற கிட்டார் பெடலின் எல்லாத் திருகையும் கடைசி வரை திருப்பி வைத்தால் வரும் ரம்பச் சத்தம். கோத்தன்பர்க் நகரத்துப் பக்கம் இன்னொரு கூட்டம் மெட்டுக்கு முக்கியத்துவம் கொடுத்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓப்பெத் இரண்டிலும் சேரவில்லை. முதல் ஆல்பமான ஆர்க்கிட்டை 1994 ஏப்ரலில் டான் ஸ்வானோவின் யூனிசவுண்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். வெளியே வர 1995 மே ஆகிவிட்டது. முகப்பில் ஒரு பூ, அவ்வளவுதான். குழுவின் பெயரே கிடையாது. மற்றவர்கள் பிணமும் கல்லறையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில் பூவைப் போட ஒரு தைரியம் வேண்டும். அடுத்து வந்த மார்னிங்ரைஸில் மொத்தமே ஐந்து பாட்டு, அதில் ஒன்று இருபது நிமிஷம்.

ஓக்கர்ஃபெல்டுக்கு ரம்பச் சத்தம் பிடிக்காது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளத்தான் பின்னால் பிளட்பாத் என்ற குழுவில் போய் உறுமினார்.

நவம்பர் 29

"மென்மையான பகுதிகள் எல்லாம் ஸ்டீவன் வில்சன் வந்த பிறகு அவர் சொல்லிக் கொடுத்தது" என்று திருச்சிக்காரர் எழுதியிருக்கிறார். இல்லை. வில்சன் தயாரிப்பாளராக உள்ளே வருவது 2001 பிளாக்வாட்டர் பார்க்கில். அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே ஆர்க்கிட்டில் பியானோ மட்டும் வாசிக்கிற ஒரு துண்டு இருக்கிறது, அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் இருக்கிற துண்டும் இருக்கிறது. வில்சன் கொண்டுவந்தது ஒலியின் துப்புரவு, குரலை அடுக்குகிற வித்தை, இரண்டு கருவிகளுக்கு நடுவே காற்று போக விட்ட இடைவெளி. சின்ன விஷயம் இல்லை, ஆனால் மென்மைக்கு அவர் தகப்பன் கிடையாது.

டிசம்பர் 2

நான் ஓப்பெத்துக்குள் போனது பின்வாசல் வழியாக. எங்கள் கல்லூரி விடுதியில் எல்லார் கணினியும் டிசி++ என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகத் திறந்து கிடக்கும். யாரோ ஒரு சீனியர் ஓப்பெத் பாட்டுகளை 'சாஃப்ட்', 'ஹெவி' என்று இரண்டு ஃபோல்டராகப் பிரித்து வைத்திருந்தார். எனக்கு அப்போது உறுமல் ஆகாது. அதனால் சாஃப்ட்டை மட்டும் இறக்கிக்கொண்டேன்.

அந்தப் புண்ணியவான் 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' பாட்டையும் சாஃப்ட்டில் போட்டிருந்தார். தொடக்கத்தை மட்டும் கேட்டுப் பிரித்திருப்பார் போல. பத்து நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிற பாட்டு. கிட்டார் சோம்பலாக ஊர்ந்து வரும், தெளிந்த குரலில் பாடுவார், மெலடி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாதி வழியில் அதே ஆள் உறுமுகிறார். ஹெட்போனில், விளக்கணைத்த அறையில். கழற்றி எறிந்தேன். ஆனால் அடுத்து என்ன ஆயிற்று என்று தெரியாமல் தூங்க முடியவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டேன். உறுமல் முடிந்து பழைய மெலடி திரும்ப வந்தபோது அது முன்பு கேட்ட மெலடியாக இல்லை. ஒரு சுரமும் மாறவில்லை என்பது பிறகு திருப்பித் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

24-ஆம் தேதி விட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது.

டிசம்பர் 3

அந்தச் சீனியர் இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதவும். திட்ட மாட்டேன்.

டிசம்பர் 8

விடுதி சீனியர் செய்த அதே வேலையை ஓக்கர்ஃபெல்டே ஒருமுறை செய்தார். கனமானதெல்லாம் ஒரு ஆல்பம், மென்மையானதெல்லாம் இன்னொரு ஆல்பம். டெலிவரன்ஸ் 2002 நவம்பரில் வந்தது, டேம்னேஷன் 2003 ஏப்ரலில். இரண்டும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்தவை. கட்டடோனியா குழுவின் யோனாஸ் ரென்க்ஸேயோடு பேசிக்கொண்டிருந்தபோது உதித்த யோசனை அது. பதிவு நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஓக்கர்ஃபெல்டின் பாட்டி சாலை விபத்தில் இறந்துபோனார். இரண்டு ஆல்பங்களும் அவருக்குத்தான் சமர்ப்பணம். குழுவே உடைந்துவிடும் என்ற நிலைமையில் இருந்து பிழைத்து வந்த பதிவு. டெலிவரன்ஸுக்கு ஸ்வீடனின் கிராமிஸ் விருதும் கிடைத்தது.

டெலிவரன்ஸ் தலைப்புப் பாட்டின் முடிவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கடைசி மூன்று நிமிஷத்துக்கும் மேல் ஒரே ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்புத் துண்டு. கிட்டாரும் பேஸும் டிரம்ஸின் கால் அடியும் ஒரே நேரத்தில் இறங்கும், நிற்கும், மறுபடி இறங்கும். நிற்கிற இடம்தான் விஷயம். கேட்கும்போது ரொம்பச் சுலபமாகத் தெரியும். மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள், நான்காவது சுற்றில் தப்பிவிடும். தாளம் போட்டுப் பழகிய நண்பர் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கையில் எண்ணிக்கொண்டே வந்தார், "இவன் என்னை ஏமாத்துறான்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து வைக்கச் சொன்னார். ஏமாற்றுவது டிரம்ஸ் வாசிக்கும் மார்ட்டின் லோபஸ். கால் ரிஃபோடு கட்டுப்பட்டுக் கிடக்கும், மேலே கை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சிம்பலை வேறு வேறு இடத்தில் வைக்கும். ரிஃப் மாறவே இல்லை, நமக்குத்தான் மாறிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும்.

டேம்னேஷனுக்கு வருவோம். ஒரு உறுமல்கூடக் கிடையாது. வில்சனின் மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டு பின்னால் பனி மாதிரி நிற்கும். அழகான ஆல்பம், இரவுப் பேருந்துப் பயணத்துக்கு என்றே செய்தது. ஆனால் ஒரே மூச்சில் கேட்டால் ஐந்தாறு பாட்டுக்கு அப்புறம் எனக்கு ஏதோ குறைகிறது. அதே மாதிரி அமைதியான இடங்கள் ஸ்டில் லைஃபிலும் இருக்கின்றன, அங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். டேம்னேஷனில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். எதுவும் பாயப் போவதில்லை என்று தெரிந்துபோகிறது.

ஆக, உறுமல் கனத்துக்கான கருவி என்று நினைத்தது தப்பான திசை. அது அமைதிக்கான கருவி. அடுத்த நொடி உறுமல் வரலாம் என்ற நிலைமையில்தான் அந்த அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பல் முளைக்கிறது. முதல் நாள் எழுதியதில் இருந்து நான் நகர்ந்துவிட்டேன், தெரிகிறது. கேள்வி கேட்டவர் சந்தோஷப்படலாம், ஆனால் முழுக்க இல்லை.

டிசம்பர் 9

"உறுமல் என்ன பெரிய வித்தையா, சும்மா கத்துவதுதானே" என்று ஒருவர்.

சும்மா கத்திப் பாருங்கள், மறுநாள் பேச்சு வராது. கல்லூரி நாட்களில் நான் குளியலறையில் முயற்சி செய்தவன். கதவைத் தட்டி "வாந்தியா? மாத்திரை வேணுமா?" என்று அக்கா கேட்டதோடு சங்கீத வாழ்க்கை முடிந்தது. குரல் நாண்களைத் தேய்த்துக் கத்தினால் தொண்டை புண்ணாகும். தெரிந்தவர்கள் அதற்கு மேலே இருக்கும் போலி நாண்களை அதிர வைக்கிறார்கள், வேலை எல்லாம் வயிற்று மூச்சில். பக்கத்தில் நின்று கேட்டால் சத்தம் அவ்வளவு பெரிதாகவும் இருக்காது. மைக்தான் அதைப் பூதமாக்குகிறது.

ஓக்கர்ஃபெல்டின் உறுமலில் தனிச்சிறப்பு, சொல் கேட்கும். வரிகள் அச்சடித்த தாள் கையில் இல்லாமலே பாதிக்கு மேல் புரியும். இந்தத் தொழிலில் அது அபூர்வம்.

டிசம்பர் 15

என்னைப் பொறுத்தவரை உடைப்பு 2011-இல் நடந்தது இல்லை. 2006, 2007-இல் நடந்தது.

1997-இல் லோபஸும் பேஸ் மார்ட்டின் மெண்டெஸும் உள்ளே வந்தார்கள். இருவருக்கும் பூர்வீகம் உருகுவே. லோபஸ் அதே காலத்தில் அமோன் அமார்த் குழுவிலும் வாசித்தவர். மை ஆர்ம்ஸ் யுவர் ஹெர்ஸ் பதிவின்போது மெண்டெஸுக்குப் பாட்டுகளைக் கற்றுக்கொள்ள நேரம் இல்லாததால் பேஸையும் ஓக்கர்ஃபெல்டே வாசித்தார். அதற்குப் பிறகு ஸ்டில் லைஃப் தொடங்கி கோஸ்ட் ரெவரீஸ் ஆல்பம் வரை ஓக்கர்ஃபெல்ட், பீட்டர் லிண்ட்கிரன், லோபஸ், மெண்டெஸ். நம்மில் பாதிப் பேர் ஓப்பெத் என்று சொன்னால் மனத்தில் இருப்பது இந்த நால்வர்தான்.

2006-இல் உடல்நிலை காரணமாக லோபஸ் போனார். மறு வருஷம் லிண்ட்கிரன் போனார். 1991-இலிருந்து ஓக்கர்ஃபெல்டுக்குப் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தவர் அவர். வந்த மார்ட்டின் ஆக்செனரோட் பலசாலியான டிரம்மர், ஃப்ரெட்ரிக் ஓக்கெசன் லிண்ட்கிரனைவிடச் சுத்தமாக, வேகமாக வாசிப்பார். அதுதான் என் குறையும். லிண்ட்கிரனின் சோலோவில் ஒரு தடுமாற்றம் இருக்கும், விரல் தேடும். அந்தத் தேடல் எனக்குப் பிடிக்கும். லோபஸ் விட்டுவைக்கிற காலி இடங்களும் அவரோடு போய்விட்டன.

வாட்டர்ஷெட்டில் உறுமல் இருக்கிறது என்பதால் அதைப் பழைய கணக்கில் சேர்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள், அது அடுத்து 2011-இல் வந்த ஹெரிட்டேஜுக்குப் பக்கத்து வீடு.

டிசம்பர் 17

"அப்போ இது ஓக்கர்ஃபெல்டும் கூலி ஆட்களும், அவ்வளவுதானே?" இல்லை அண்ணே. மெண்டெஸ் 1997-இலிருந்து இன்று வரை அங்கேயேதான் நிற்கிறார். பேஸ் வாசிப்பவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது உலகப் பிரச்சினை.

டிசம்பர் 28

கச்சேரி பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், போயிருந்தேன். 2009, சென்னை ஐஐடியின் சாரங் விழா. ஓப்பெத் சென்னைக்கு வருகிறது என்பதை முதலில் யாரும் நம்பவில்லை, யாரோ கிளப்பிவிட்ட வதந்தி என்றுதான் நினைத்தோம். 2012-இல் பெங்களூருக்கும் வந்தார்கள், அதற்கு என்னால் போக முடியவில்லை.

பாட்டு வரிசையை எழுதப் போவதில்லை, அது இணையத்தில் கிடைக்கும். எனக்கு நிற்பது வேறு இரண்டு. ஒன்று, ஓக்கர்ஃபெல்ட் பாட்டுக்கு நடுவே பேசுகிற விதம். உறுமி முடித்துவிட்டு, தபால் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறவர் போலச் சாவகாசமாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஜோக் அடிப்பார். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பாட்டு மேலே விழும். அந்தச் சிரிப்பும் பயமும் சேர்ந்ததுதான் அவருடைய மொத்தச் சங்கீதமும் என்று அங்கே தோன்றியது.

இரண்டாவது, அமைதியான பகுதிகளில் கூட்டம் நடந்துகொண்ட விதம். பாடகர் பாடாத இடத்தில், கிட்டார் மெலடியை ஆயிரக்கணக்கான பேர் வாயால் முனகினார்கள். சொல் இல்லை, வெறும் ம்ம்ம். எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் ஒவ்வொரு சுரத்தையும் கையால் காற்றில் வாசித்தான், ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. ஹெவி பகுதி வந்ததும் அவனே காணாமல் போனான், கூட்டத்துக்குள் குதித்துவிட்டான்.

முடிந்து வெளியே வரும் வழியில் சாலையோரம் வளாகத்து மான்கள் நின்றன. டபுள் பேஸ் டிரம்மைப் பற்றி அவற்றின் கருத்தைக் கேட்க நேரம் இல்லை, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

2025 ஜனவரி 5

கேள்வி கேட்டவர் ஒரு மாதமாகப் பொறுமையாக இருக்கிறார். அந்த நான்கு ஆல்பங்களுக்கு வருகிறேன்.

ஹெரிட்டேஜ், 2011. முகப்பு ஓவியத்தை முதலில் பாருங்கள், டிராவிஸ் ஸ்மித் வரைந்தது. ஒரு மரம், பழங்களுக்குப் பதிலாகக் குழுவினரின் தலைகள். ஒரு தலை மட்டும் காம்பிலிருந்து கழன்று விழுந்துகொண்டிருக்கும். அது கீபோர்டு வாசித்த பெர் வீபெர்க், பதிவு முடிந்ததும் விலகியவர். அதைவிட மரியாதையாக ஒருவரை வழியனுப்பியிருக்கலாம். மரத்தின் வேர்கள் கீழே நரகம் வரை போகின்றன, டெத் மெட்டல் அங்கேதான் இருக்கிறது. ஓவியம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும் ரசிகர்கள் அதிர்ந்ததுதான் வேடிக்கை. அந்த வருஷச் சுற்றுப்பயணத்தில் பழைய உறுமல் பாட்டுகளையும் தவிர்த்தார்கள், கோபம் இன்னும் ஏறியது. ஆனால் கடையில் அந்தக் கோபம் தெரியவில்லை: அமெரிக்க பில்போர்டு 200 பட்டியலில் வாட்டர்ஷெட் தொட்டது 23-ஆம் இடம், ஹெரிட்டேஜ் 19.

ஆல்பமாக எனக்கு ஹெரிட்டேஜ் அரைகுறை. நல்ல துண்டுகள் நிறைய, தையல் மோசம். ஒரு பகுதி சூடு பிடிக்கும்போது வெட்டிவிட்டு வேறு எங்கோ போய்விடுவார்.

பேல் கம்யூனியன், 2014. நீங்கள் கேட்ட 'உருப்படி' இதுதான். ஹெரிட்டேஜில் தேடிக்கொண்டிருந்ததை இதில் கண்டுபிடித்துவிட்டார். புதிதாக வந்த யோவாகிம் ஸ்வால்பெர்கின் ஆர்கன் இதில் கிட்டாருக்குச் சமமாக நிற்கிறது. உறுமல் இல்லாமல் பயத்தை எப்படிக் கொண்டுவருவது என்ற கணக்கைக் குரல்களை அடுக்கியும், மெட்டை எதிர்பாராத இடத்தில் முறித்தும் போட்டிருக்கிறார். கோப்ளின் என்றே ஒரு பாட்டு, பயங்கரப் படங்களுக்கு இசையமைத்த இத்தாலியக் குழுவுக்கு வணக்கம். வார்த்தையே இல்லாத அந்த நாலரை நிமிஷம், பாதி உறுமல்களைவிடப் பயமுறுத்தும்.

சார்சரெஸ், 2016. அடுத்து.

இன் காவ்டா வெனனும், 2019. ஸ்வீடிஷில் எழுதிப் பாடிவிட்டு, அப்புறம் அதையே ஆங்கிலத்திலும் பாடி இரண்டு பதிப்பாக வெளியிட்டார். எனக்கு ஸ்வீடிஷில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் அதைத்தான் கேட்கிறேன். ஆங்கிலத்தில் அவர் பாடகராகத் தெரிகிறார், ஸ்வீடிஷில் வீட்டில் இருக்கிறவர் போலத் தெரிகிறார்.

ஜனவரி 6

சார்சரெஸை ஒரே சொல்லில் கடந்துவிட்டதாக மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒலிப்பதிவு சேறு. இப்போது இரண்டு சொல் ஆகிவிட்டது.

ஜனவரி 19

புது ஆல்பத்தை உடனே எழுதிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் தள்ளினேன். முதல் வாரத்தில் கேட்டால் உறுமல் வந்த மயக்கத்திலேயே நட்சத்திரம் கொடுத்துவிடுவோம்.

கதை: முதல் உலகப் போருக்கு அப்புறம், ஒரு பணக்காரக் குடும்பத் தலைவர் செத்துப்போகிறார். மூன்று பிள்ளைகள் முன்னிலையில் உயில் வாசிக்கப்படுகிறது. வாசிக்க வாசிக்க வண்டவாளம் வெளியே வருகிறது: இரட்டையர்கள் இருவரும் அவருக்குப் பிறந்தவர்கள் இல்லை, நோயாளியான பெண்ணுக்குத்தான் சொத்து. பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது, சட்டப் பத்திரத்தில் போடுவது போல ஒன்று முதல் ஏழு வரை பத்திக் குறியும் எண்ணும்தான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு. அதில் எல்லாம் தலைகீழாகிறது: அந்தப் பெண்ணும் அவர் மகள் இல்லை. சொத்துத் தகராறை வைத்து இவ்வளவு பெரிய ராக் ஆல்பம் செய்யலாம் என்று நம் ஊர்க்காரர் யாருக்கும் தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

இப்போது உறுமலுக்கு வருவோம். பழைய ஆல்பங்களில் உறுமல் நீளமாக வரும், ஒரு பகுதி முழுக்க அதுவே இருக்கும், பிறகு அமைதி. இரண்டுக்கும் நடுவே சுவர் தெரியும். இதில் சுவர் இல்லை. ஒரே வரிக்குள் தெளிந்த குரல் உறுமலாகிறது, அடுத்த வரி இயன் ஆண்டர்சனின் பேச்சுக் குரல். ஜெத்ரோ டல் என்ற ராக் குழுவில் புல்லாங்குழல் ஊதிய அதே ஆண்டர்சன்தான். இதிலும் ஊதுகிறார், ஆனால் அவர் உயிலை நிதானமாக வாசிக்கிற இடங்கள்தான் எனக்கு முதுகில் சில்லென்று இருந்தன. என் காதுக்கு உறுமல் முழுக்கச் செத்த தகப்பனின் குரல். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான், ஆத்திரம் தாளில் உட்கார்ந்திருக்கிறது. பாடகர் கனமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக உறுமவில்லை, பாத்திரம் பேச வேண்டியிருப்பதால் உறுமுகிறார். கடைசிப் பாட்டில் உயில் வாசிப்பு முடிந்துவிட்டது, அதனால் உறுமலும் இல்லை.

2001 ஓப்பெத் திரும்பி வரவில்லை. பேல் கம்யூனியனில் படித்த பாடம் இல்லாமல் இதை எழுதியிருக்கவே முடியாது: இவ்வளவு அடர்த்தியான விஷயத்தை 51 நிமிஷத்தில் அடக்கியிருக்கிறார். பழைய ஓக்கர்ஃபெல்டாக இருந்தால் ஒவ்வொரு பத்தியும் பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருக்கும்.

குறை என்றால், சில இடங்களில் மூச்சு விட இடமே இல்லை. மை ஆர்ம்ஸ் யுவர் ஹெர்ஸில் ஒரு ரிஃபை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள், அது எனக்கு வேண்டும்.

ஜனவரி 20

டிரம்ஸ் பற்றி எழுத மறந்தேன் என்று நினைக்காதீர்கள், தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். 2022-இல் சேர்ந்த பின்லாந்துக்காரர் வால்ட்டெரி வாய்ரினன், பாரடைஸ் லாஸ்ட் குழுவில் வாசித்தவர். லோபஸுக்கு அப்புறம் முதல்முறையாக டிரம்ஸுக்காகவே ஒரு ஓப்பெத் பாட்டைத் திருப்பி வைத்துக் கேட்டேன். ஆக்செனரோட் ரசிகர்கள் கல்லெறிவதாக இருந்தால் வரிசையில் வரவும்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "பதினாறு வருஷம் பட்டினி போட்டுவிட்டு, சந்தை கேட்கிறது என்றதும் சோறு போடுகிறார்" என்கிறார்.

அந்தப் பதினாறு வருஷக் கணக்கு ஸ்டூடியோவுக்கு மட்டும்தான் பொருந்தும். மேடையில் அவர் உறுமலை விடவில்லை. 2011-இல் ஒதுக்கிவைத்த பழைய பாட்டுகள் சீக்கிரமே கச்சேரிக்குள் திரும்ப வந்துவிட்டன, வருஷா வருஷம் உறுமிக்கொண்டுதான் இருந்தார். தொண்டை பழக்கத்தில் இருந்தது, எழுத விஷயம்தான் இல்லை. ஆளுக்கு 1974-இல் பிறப்பு, இந்த ஆல்பம் வரும்போது ஐம்பது முடிந்துவிட்டது. சந்தைக்காக என்றால் 2012-லேயே போட்டிருப்பார், அப்போதுதான் கூச்சல் உச்சத்தில் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். சந்தை பார்க்கிற ஆள் ஆல்பத்தின் பாட்டுகளுக்குப் பெயர் வைக்காமல் பத்தி எண் போடுவாரா? கடையில் போய் எப்படிக் கேட்பது?

பிப்ரவரி 9

பேல் கம்யூனியனைக் கேட்டுவிட்டு வந்து எழுதியிருக்கிறார்: இரண்டு பாட்டு பிடித்தது, மிச்சம் தூக்கம். சரி, இரண்டு என்பது இந்த இழை தொடங்கிய நாளில் பூஜ்யமாக இருந்தது. மறுபடி கேட்கும்போது மெண்டெஸின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். கணினி ஸ்பீக்கரில் வராது, ஹெட்போன் வேண்டும்.

சார்சரெஸ் பற்றி நீங்கள் எழுதிய எதையும் நான் இதுவரை மறுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.